வளையத்தின் வரலாறு – 12: நவம்பர் பட்டியல் சொல்லும் பாதி உண்மை

கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் டிராஃப்ட் பற்றிச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அப்படிச் சேர்த்த ஆட்களை வைத்துக்கொண்டு அணிகள் களமிறங்கும் முதல் ஆறேழு வாரங்களைப் பற்றியது இந்த அத்தியாயம். என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஒவ்வோர் அணியும் அக்டோபர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை 82 ஆட்டங்கள் ஆடுகிறது. கதவடைப்பும் கொரோனாவும் குறுக்கிட்ட சில சீசன்களைத் தவிர, 1967-68 முதல் இதுதான் கணக்கு. நவம்பர் முடியும்போது 15 முதல் 20 ஆட்டங்கள் வரை முடிந்திருக்கும். முழு சீசனில் இது கால்பங்குக்கும் குறைவு. ஆனால் இந்தக் கால்பங்கை நம்பிப் பயிற்சியாளர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வைத்த நம்பிக்கையைக் கைவிட்டுக் கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தங்களைக் கைமாற்றியிருக்கிறார்கள். நவம்பர் முடிவின் வெற்றி தோல்விப் பட்டியலை எப்படிப் படிப்பது என்பதில் நெடுநாளாக இரண்டு கட்சிகள் உண்டு. நவம்பரில் தெரிவதுதான் ஏப்ரலிலும் தெரியும் என்பது ஒன்று. இவ்வளவு நீண்ட சீசனில் தொடக்கம் ஒரு பொருட்டே இல்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. ஓர் அணியின் திறமை எவ்வளவு என்பதைக் காட்டிலும், அந்த அணிக்குள் யாருக்கு எந்த வேலை என்பது எவ்வளவு தூரம் முடிவாகியிருக்கிறது என்பதையே நவம்பர் பட்டியல் அதிகம் காட்டுகிறது. வேலைப் பங்கீடு முடிவாகாத திறமைசாலி அணியும், பங்கிட்டுக்கொள்ளத் திறமையே இல்லாத அணியும் அந்தப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரிகளில் நிற்கும். அவற்றைப் பிரித்தறியத் தெரியாத முதலாளிகளின் கதை இந்த லீக்கின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது.

முதல் சாட்சி 1977-78 சீசனின் சியாட்டில் சூப்பர்சானிக்ஸ். அந்தக் கோடையில் அந்த அணியைக் கிட்டத்தட்டப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினார்கள். பயிற்சியாளராகவும் நிர்வாகியாகவும் இருந்த பில் ரஸ்ஸல் விலகிக்கொள்ள, அவருக்குத் துணையாக இருந்த உறவினர் பாப் ஹாப்கின்ஸ் பொறுப்பேற்றார். கோல்டன் ஸ்டேட் அணியிலிருந்து கஸ் வில்லியம்ஸ் வந்தார். டென்வரிலிருந்து நெடிய உருவம்கொண்ட மார்வின் வெப்ஸ்டரும், பல சீசன்கள் கண்ட பால் சைலஸும் வந்தார்கள். ஹூஸ்டனிலிருந்து ஜான் ஜான்சன் வந்தார். இல்லினாய் வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில் ஆடிய ஜேக் சிக்மாவை டிராஃப்டில் எட்டாவது ஆளாக எடுத்தார்கள். ஏற்கெனவே இருந்த டென்னிஸ் ஜான்சனுக்கு அது இரண்டாவது சீசன்தான். முதல் 22 ஆட்டங்களில் இந்த அணிக்குக் கிடைத்தது 5 வெற்றி, 17 தோல்வி. ஹாப்கின்ஸை நீக்கிவிட்டு, ஆட்டக்காரர் தேர்வுப் பொறுப்பில் இருந்த லென்னி வில்கன்ஸைப் பயிற்சியாளராக்கினார்கள். வில்கன்ஸ் இருந்த ஆட்களையே இடம் மாற்றி நிறுத்தினார். கஸ் வில்லியம்ஸ், டென்னிஸ் ஜான்சன், ஜான் ஜான்சன், சிக்மா, வெப்ஸ்டர் ஆகிய ஐவரையும் தொடக்க வரிசையில் நிறுத்தி, தூரத்திலிருந்து கூடையில் போடுவதில் பெயர்பெற்ற ஃபிரெட் பிரவுனை ஆறாவது ஆளாக்கி பெஞ்சிலிருந்து இறக்கினார். மீதி 60 ஆட்டங்களில் 42 வெற்றி, 18 தோல்வி. மொத்தம் 47 வெற்றியோடு, பட்டத்துக்கான வெளியேற்றச் சுற்றுகளான பிளேஆஃபுக்குள் நுழைந்து, லாஸ் ஏஞ்சலிஸ், போர்ட்லாண்ட், டென்வர் ஆகிய மூன்று அணிகளையும் வென்று இறுதிப் போட்டிவரை போனது சியாட்டில்.

அதே சீசனில் எதிர்த்திசையில் போன அணியும் ஒன்று உண்டு. முந்தைய ஆண்டு சாம்பியனான போர்ட்லாண்ட் டிரெயில் பிளேசர்ஸ், பில் வால்டனை மையமாக வைத்துப் பழக்கப்பட்ட ஆட்களோடு களமிறங்கி முதல் 60 ஆட்டங்களில் 50 வெற்றி கண்டது. எவருடைய வேலை எது என்பதில் ஐயமே இல்லாத அணி அது. வால்டனின் பாதத்தில் ஏற்பட்ட காயம் அந்த ஒழுங்கைக் கலைத்தது. கடைசி 22 ஆட்டங்களில் 8 வெற்றிதான் கிடைத்தது. பிளேஆஃபில் அந்த அணியை வீட்டுக்கு அனுப்பியது, நவம்பர் முடிவில் 5 வெற்றியோடு தத்தளித்த சியாட்டில். அந்த நவம்பர் பட்டியலில் போர்ட்லாண்டையும் சியாட்டிலையும் பார்த்து யாராவது பணம் கட்டியிருந்தால் அவர் கதி என்ன ஆகியிருக்கும் என்று வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

கூடைப்பந்தில் இது ஏன் இத்தனை கூர்மையாகத் தெரிகிறது? களத்தில் ஐந்து பேர், பந்து ஒன்று; 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்த விநாடிகளில் யார் பந்தைக் கொண்டுவருவது, யார் குறுக்கே நின்று தடுப்பாளரை மறிப்பது, யார் மூலையில் காத்திருப்பது என்பது யோசிக்காமல் நடக்க வேண்டும். தடுக்கும்போது இன்னும் கடினம். ஒருவர் தம் ஆளை விட்டு உதவிக்குப் போனால் அவர் இடத்தை மற்றொருவர் சொல்லாமலே நிரப்ப வேண்டும். நாலு ஊரிலிருந்து வந்த நாலு பெரிய வித்வான்களை ஒரே மேடையில் உட்காரவைத்தால் முதல் கச்சேரியில் ஒருவர் வாசிப்பின்மேல் மற்றவர் வாசிப்பு ஏறிவிழும் அல்லவா, அதுதான் இங்கும். சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம் சில வாரங்களில் முடிந்துவிடும். அதன்பின் வாரத்துக்கு மூன்று நான்கு ஆட்டங்களும் விமானப் பயணங்களும் ஆட்களை வாட்டுவதால், உண்மையான பயிற்சி முதல் சில வாரத்து ஆட்டங்களிலேயே நடக்கிறது. அந்தப் பயிற்சியின் மதிப்பெண்தான் நவம்பர் பட்டியலில் ஏறுகிறது.

2010-ல் மயாமி ஹீட் அணிக்கு நேர்ந்தது இதுவே. கிளீவ்லாண்டிலிருந்து லெப்ரான் ஜேம்ஸும் டொரன்டோவிலிருந்து கிறிஸ் பாஷும் வந்து டுவெய்ன் வேடோடு சேர்ந்தபோது, சாம்பியன் பட்டம் எத்தனை என்ற பேச்சுதான் எங்கும். ஆனால் அக்டோபரில் நடந்த முதல் முன்னோட்ட ஆட்டத்தில் மூன்றரை நிமிடம்கூட ஆடுவதற்குள் வேடின் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. மூவரும் ஒன்றாக ஆடிப் பழகாமலே சீசன் தொடங்கிவிட்டது. ஜேம்ஸ், வேட் இருவரும் பந்தைத் தம் கையில் வைத்தே வாழ்நாள் முழுக்க ஆடியவர்கள். ஒருவர் கையில் பந்து இருக்கும்போது மற்றவர் என்ன செய்வது என்ற கேள்விக்கு நவம்பரில் விடை இல்லை. 17 ஆட்டங்களில் 9 வெற்றி, 8 தோல்வி. நவம்பர் 27-ம் தேதி டல்லாஸில் தோற்றபோது ஓர் இடைவேளையில் ஜேம்ஸின் தோள் பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவின் தோளில் இடித்துப் போனதை நாடே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது. ஸ்போல்ஸ்ட்ரா தாக்குப்பிடிக்க மாட்டார், நிர்வாகத் தலைவர் பாட் ரைலியே கீழே இறங்கி வருவார் என்று பத்திரிகைகள் ஆருடம் கூறின. ரைலி வரவில்லை. அடுத்த 22 ஆட்டங்களில் மயாமிக்கு 21 வெற்றி.

அந்த 17 ஆட்டங்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்திருந்தால் பத்திரிகைகள் அப்படி எழுதியிருக்க வேண்டியதில்லை. ஆர்லாண்டோவை 26 புள்ளி வித்தியாசத்திலும் மினசோட்டாவை 32 புள்ளி வித்தியாசத்திலும் வென்ற அணி, யூட்டாவிடம் கூடுதல் நேரத்தில் 2 புள்ளியிலும் மெம்ஃபிஸிடம் 2 புள்ளியிலும் தோற்றது. வென்றதெல்லாம் அகலமாக, தோற்றதில் பாதி நூலிழையில். நெருக்கமான ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடம் வேலைப் பங்கீட்டின் பரீட்சை. மீதி 46 நிமிடம் திறமையின் பரீட்சை. வெற்றி தோல்விப் பட்டியல் கடைசி இரண்டு நிமிடத்தையே பார்க்கிறது. போட்ட புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் மீதி நிமிடங்களையும் சேர்த்துப் பார்க்கிறது. பிற்காலத்தில் அணிகளின் அலுவலகங்களில் புள்ளியியல் படித்தவர்கள் வந்து உட்கார்ந்ததற்கு ஒரு நியாயம் இங்கே இருக்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எழுந்து வந்த அணிகளை மட்டும் பொறுக்கியெடுத்துப் பேசுகிறீர்கள், தொடக்கத்தில் விழுந்து கடைசிவரை எழாத அணிகள் எத்தனை என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1972-73-ல் ஃபிலடெல்ஃபியா 76ers முதல் 15 ஆட்டங்களையும் தோற்றது. சீசன் முடிவில் 9 வெற்றி, 73 தோல்வி. 82 ஆட்ட சீசனில் இதைவிட மோசமாக எவரும் முடித்ததில்லை. 1988-ல் புதிதாகத் தொடங்கிய மயாமி ஹீட் 17 தோல்விகளோடு ஆரம்பித்து 15 வெற்றியில் முடித்தது. கதவடைப்பால் 50 ஆட்டங்களாகக் குறைந்த 1999 சீசனில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் 17 தோல்வியில் தொடங்கி 9 வெற்றியில் நின்றது. 2009-ல் நியூ ஜெர்சி நெட்ஸ் 18 தோல்வி. முடிவில் 12 வெற்றி. 2015-ல் மறுபடி ஃபிலடெல்ஃபியா, 18 தோல்வி. முடிவில் 10 வெற்றி. பட்டியலின் அடித்தட்டு பொய் சொல்வதில்லை. காரணமும் எளிது. வேலைப் பங்கீடு குழம்பிய திறமைசாலிகள்கூட 15 ஆட்டத்தில் ஒன்றிரண்டைத் தனி ஆளின் கைவண்ணத்தால் ஜெயித்துவிடுவார்கள். ஒன்றுமே ஜெயிக்காத அணியில் அந்தக் கையே இல்லை. 1972-ல் ஃபிலடெல்ஃபியாவை விட்டு வில்ட் சேம்பர்லின் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பில்லி கன்னிங்ஹாம் போட்டி லீக்கான ஏ.பி.ஏ.வுக்குப் போய்விட்டார். கல்லூரியிலிருந்து வந்த பயிற்சியாளர் ராய் ரூபின் 51 ஆட்டங்களில் 4 வெற்றி கண்டு வெளியேறினார். அவருக்குப் பதில் வந்த கெவின் லௌக்ரி 31 ஆட்டங்களில் 5 வெற்றி கண்டார். பயிற்சியாளர் மாறியும் கதை மாறவில்லை. 2015-ன் ஃபிலடெல்ஃபியாவோ நல்ல டிராஃப்ட் இடத்துக்காகத் தெரிந்தே அணியைக் காலி செய்துவைத்திருந்தது. அதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடித்தட்டிலும் விதிவிலக்கு உண்டு. 1996-97-ல் ஃபீனிக்ஸ் சன்ஸ் 13 தோல்வியில் தொடங்கி 40 வெற்றியோடு பிளேஆஃபுக்குப் போனது. ஆனால் 13 தோல்வி கண்டதும் 40 வெற்றி கண்டதும் ஒரே அணி அல்ல. தொடக்கத்தில் காயத்தில் இருந்த கெவின் ஜான்சன் திரும்பி வந்தார். டிசம்பரில் டல்லாஸிலிருந்து ஜேசன் கிட் வந்தார். திறமை வெளியிலிருந்து வந்து இறங்கியபின் கணக்கு மாறியது. ஆகவே இதை என் வாதத்துக்கு எதிரான சாட்சியாக எண்ண முடியவில்லை.

உச்சியில் நிற்பவர்களைப் பற்றி என்ன சொல்வது? 2015-ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் முதல் 24 ஆட்டங்களையும் வென்றது. தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருக்க, துணைப் பயிற்சியாளர் லூக் வால்டன்தான் அத்தனை ஆட்டங்களையும் நடத்தினார். பயிற்சியாளர் இல்லாமலும் ஓடியது வண்டி. ஏனெனில் முந்தைய ஆண்டு சாம்பியன் பட்டம் வென்ற அதே ஆட்கள், அதே வேலைகள். 2024-ல் கிளீவ்லாண்ட் காவலியர்ஸ் கென்னி அட்கின்ஸன் என்ற புதிய பயிற்சியாளரின் கீழ் 15 வெற்றியில் தொடங்கியது. அங்கும் மிச்சல், கார்லண்ட், மோப்லி, ஆலன் ஆகிய நால்வருக்கும் சேர்ந்து ஆடிய மூன்றாவது சீசன் அது. உச்சியில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பழகியவர்கள். ஆனால் பழகியவர்களுக்கு நவம்பரிலேயே முழு விளைச்சலும் கைக்கு வந்துவிடுகிறது. அதற்குமேல் வளர இடம் குறைவு. வாரியர்ஸ் 73 வெற்றி என்ற சாதனையோடு சீசனை முடித்து, இறுதிப் போட்டியில் 3-1 என முன்னிலை பெற்றும் கிளீவ்லாண்டிடம் தோற்றது. 2024-25-ல் 64 வெற்றி கண்ட கிளீவ்லாண்டை இரண்டாவது சுற்றில் 4-1 என வீழ்த்தியது, டிசம்பரில் 10 வெற்றி 15 தோல்வியோடு நின்ற இண்டியானா பேசர்ஸ். இண்டியானாவும் பழகிய அணிதானே, அது ஏன் மோசமாகத் தொடங்கியது என்று இடைமறிக்கலாம். தொடங்கிய சில நாட்களிலேயே அதன் இரண்டு மாற்று மைய ஆட்டக்காரர்களுக்கும் குதிகால் தசைநாண் அறுந்தது. தொடக்க வரிசையில் ஆடும் நெம்ஹார்டும் நெஸ்மித்தும் காயத்தில் பல ஆட்டங்கள் வெளியே இருந்தார்கள். பழகிய ஐவர் களத்தில் அதிக நாள் ஒன்றாக நிற்கவில்லை. அவர்கள் நின்றதும் அணி 50 வெற்றியை எட்டி, இறுதிப் போட்டியில் ஒக்லஹோமா சிட்டியை ஏழாவது ஆட்டம்வரை இழுத்துக்கொண்டு போனது. உச்சியில் தொடங்கியவர் எல்லாரும் சறுக்கினார்கள் என்றும் நான் சொல்லவில்லை. 1993-ல் 15 வெற்றியில் தொடங்கிய ஹூஸ்டன் ராக்கெட்ஸ் பட்டத்தையும் வென்றது.

என் வாதத்துக்கு உண்மையில் சங்கடம் தருவது 2022-ன் யூட்டா ஜாஸ். நட்சத்திரங்களான கோபேரையும் மிச்சலையும் விற்றுவிட்டு, ஒருவரையொருவர் அதிகம் அறியாத ஆட்களையும் ஒரு புதிய பயிற்சியாளரையும் வைத்துத் தொடங்கிய அணி 13 ஆட்டங்களில் 10 வெற்றி கண்டது. பழக்கம்தான் நவம்பரின் அளவுகோல் என்றால் இது நடந்திருக்கக் கூடாது. ஆனால் பழக்கம் தேவைப்படுவது வேலைப் பங்கீட்டுக்காகத்தான். பந்துக்காகப் போட்டிபோடப் பெரிய ஆள் எவரும் இல்லாத இடத்தில் பங்கீடு சீக்கிரம் முடிந்துவிடும். நட்சத்திரங்கள் நிறைந்த அணிகள் குழம்பிக்கொண்டிருந்த வாரங்களில் யூட்டா தெளிவாக இருந்தது. மற்றவர்கள் தெளிந்தபின் திறமைக் குறைவு வெளியே வந்தது. பிப்ரவரியில் நிர்வாகம் மேலும் சிலரைக் கைமாற்றியது. முடிவு 37 வெற்றி, 45 தோல்வி.

நவம்பரில் தோற்றாலும் ஏப்ரலில் தோற்றாலும் ஒரு தோல்வி ஒரு தோல்விதானே, சொந்தக் களத்தில் பிளேஆஃப் ஆடும் சலுகையை அது பறித்துவிடாதா என்பது கணக்குப்பிள்ளைகளின் மறுப்பு. கணக்கில் தவறில்லை. ஆனால் சியாட்டிலைப் பாருங்கள். 17 தோல்வியைச் சுமந்தும் அது வாஷிங்டன் புல்லட்ஸைவிட 3 வெற்றி கூடுதலாகப் பெற்று, 1978 இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தைச் சொந்தக் களத்திலேயே ஆடியது. அங்கே 105-99 எனத் தோற்றதற்கு நவம்பர் காரணமில்லை. அன்று டென்னிஸ் ஜான்சன் வளையத்தை நோக்கி எறிந்த 14 எறிகளில் ஒன்றுகூட உள்ளே விழவில்லை. மறு ஆண்டு அதே புல்லட்ஸை 4-1 என வென்று சியாட்டில் பட்டம் வாங்கியபோது இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே போனது.

மிச்சமிருப்பது பயிற்சியாளர்களை நீக்கும் கேள்வி. சியாட்டிலில் நீக்கியது பலித்ததே, பட்டியலைப் பார்த்து முடிவெடுத்தது சரிதானே என்று கேட்பார்கள். நடு சீசனில் பயிற்சியாளர் மாறியும் பட்டம் வென்ற அணிகளை எடுத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 1981-ல் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் பால் வெஸ்ட்ஹெட்டை நீக்கியபோது அணி 7 வெற்றி 4 தோல்வியில் இருந்தது, அதுவும் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களை வென்ற நிலையில். அவர் ஆடவைத்த முறை மேஜிக் ஜான்சனுக்குப் பொருந்தவில்லை. பொறுப்பேற்ற பாட் ரைலி அந்த சீசனிலேயே பட்டம் வென்றார். 2005-ல் ஸ்டான் வான் கண்டி விலகியபோது மயாமி 11 வெற்றி 10 தோல்வி. ஷாக்கில் ஓ'நீல் காயத்தில் இருந்து அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தார். 2016-ல் கிளீவ்லாண்ட் டேவிட் பிளாட்டை நீக்கியபோது 30 வெற்றி 11 தோல்வியோடு தன் பிரிவில் முதலிடம். மூன்று இடத்திலும் பட்டியல் எதையும் கேட்கவில்லை. நீக்கிய இரண்டு இடத்திலும் நிர்வாகம் உடைமாற்றும் அறையைப் பார்த்து முடிவெடுத்தது. பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுத்ததற்கு எடுத்துக்காட்டு 2012-ன் லேக்கர்ஸ். டுவைட் ஹோவர்டும் ஸ்டீவ் நாஷும் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். ஹோவர்டு முதுகு அறுவையிலிருந்து மீண்டுகொண்டிருந்தார். நாஷுக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்தது. 1 வெற்றி 4 தோல்வி என்றதும் ஐந்தே ஆட்டங்களில் மைக் பிரவுனை நீக்கினார்கள். புதிய பயிற்சியாளர், புதிய முறை, மறுபடி முதலிலிருந்து பழக்கம். 45 வெற்றியோடு தட்டுத்தடுமாறி உள்ளே போன அணியை முதல் சுற்றில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ஓர் ஆட்டம்கூட விட்டுக்கொடுக்காமல் வெளியேற்றியது.

அந்த ஸ்பர்ஸும் ஒரு நவம்பரைக் கடந்து வந்ததுதான். அவர்களுக்கு அது 1999 பிப்ரவரியில் வந்தது. கதவடைப்பு முடிந்து அவசர அவசரமாகத் தொடங்கிய சீசனில், டிம் டங்கனும் டேவிட் ராபின்சனும் இருந்தும், முதல் 14 ஆட்டங்களில் 6 வெற்றி 8 தோல்வி. ஸ்டீவ் கெர், மாரியோ எலி என்று புதியவர்கள் பலர். பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச்சின் வேலை போய்விடும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. வேடிக்கை என்னவென்றால், 1996 டிசம்பரில் 3 வெற்றி 15 தோல்வி என்ற பட்டியலைக் காட்டி பாப் ஹில்லை நீக்கிவிட்டு அந்த நாற்காலியில் தாமே அமர்ந்தவர் பாப்போவிச். அந்த 18 ஆட்டங்களிலும் ராபின்சன் காயத்தில் வெளியே இருந்தார். ஹில்லுக்குக் கிடைக்காத பொறுமை பாப்போவிச்சுக்குக் கிடைத்தது. மீதி 36 ஆட்டங்களில் ஸ்பர்ஸ் வென்றது 31. அந்த ஜூனில் நியூயார்க் நிக்ஸை 4-1 என வென்று தன் முதல் பட்டத்தை வாங்கியது. பாப்போவிச் அந்த நாற்காலியை விட்டு எழுந்தது 2025 மே மாதத்தில், 5 பட்டங்களுக்குப் பிறகு.

(தொடரும்)